ஊறுகாய்ச் சாடி ஏன் கனத்தது?

மதிப்பிற்குரிய ஐயா,

பர்மாவில் பெகுவிலிருந்து எழுதுகிறேன். கோயிலில் நடக்கும் கோடைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். திஞ்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் வகுப்பு இல்லை, வீட்டில் கரண்டும் இல்லை. பெரியம்மா வீட்டுப் பரணில் கிடந்த ஒரு பழைய தமிழ் நாவலை எடுத்துப் படித்தேன். அட்டையும் முன்பக்கங்களும் கிழிந்துபோயிருந்ததால் பெயர் தெரியவில்லை.

சின்ன ஊர் ஒன்றில் ஒரு வட்டிக்கடைக்காரர் செத்துக் கிடக்கிறார். அடகு நகைகளைக் காணோம். போலீஸ், பங்காளிகள், நகையை அடகு வைத்தவர்கள் என்று ஊரே தேடி ஓடுகிறது. நகைகள் பக்கத்து வீட்டு ஊறுகாய்ச் சாடிக்குள் இருந்திருக்கின்றன. அந்தச் சாடி கல்யாணச் சீரோடு வேறு ஊருக்கே போய்விடுகிறது! அந்த வீட்டு அத்தை மூன்று இடத்தில், "இந்த வருஷம் சாடி ஏன் இப்படிக் கனக்குது?" என்று புலம்புகிறாள். எல்லாரும் அவளைக் கேலி செய்கிறார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இறந்தவரின் மகள் வெளியூரிலிருந்து வந்து, வாசலில் கிடக்கும் அப்பாவின் செருப்பைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிடும் இடத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

படித்து முடித்ததும் மனசு உறுத்தியது. ஒரு மனிதர் செத்துக் கிடக்கும் கதையில் சிரிப்பது சரியா? "நாடு இருக்கிற நிலைமையில் தமிழ் டீச்சர் படிக்கிற புத்தகமா இது?" என்று அண்ணனும் கோபித்துக்கொள்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., பெகு

*

அன்புள்ள க. அவர்களுக்கு,

முதலில் அந்த அத்தையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அவள்தான் மனசில் நிற்கிறாள்.

அவள் மூன்று தடவை சொல்கிறாள், மூன்று தடவையும் உண்மையைத்தான் சொல்கிறாள். சாடி நிஜமாகவே கனக்கிறது. வருஷா வருஷம் மாங்காய் நறுக்கி, உப்புப் போட்டு, வெயிலில் வைத்து எடுத்தவளுக்குத் தன் சாடியின் கனம் தெரியாமல் இருக்குமா? அந்த ஊரில் கண்ணையும் கையையும் சரியாக வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அவள் வாயைத் திறந்தாலே சிரிக்கலாம் என்று முதல் அத்தியாயத்திலேயே நாம் முடிவு கட்டிவிட்டோம். சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எழுதியவர் துப்பை ஒளித்துவைத்த இடம் அதுதான்.

இதை எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். இறுக்கமான துப்பறியும் கதையில் வாசகர் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படிப்பார். மேஜைமேல் ஒரு கடிகாரம் இருக்கிறது என்று எழுதினால் போதும், அந்தக் கடிகாரத்தை விடமாட்டார். சிரிக்கிற வாசகர் அப்படிச் சந்தேகப்படுவதில்லை. அதனால் நகைச்சுவை எழுதுகிறவர் துப்பை எல்லார் கண்ணெதிரிலும் வைக்கலாம். ஆனால் அந்த வரி இரண்டு வேலை செய்ய வேண்டும். முதல் தடவை சிரிப்பாகவும், முடிவு தெரிந்து திரும்பப் படிக்கும்போது சாட்சியாகவும் நிற்க வேண்டும். ஒரு வார்த்தை கூடினால் துப்பு வெளியே தெரிந்துவிடும், ஒரு வார்த்தை குறைந்தால் பின்னால் வாசகர் ஏமாந்துபோனதாக நினைப்பார்.

1929ல் இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான். அந்தப் பத்தில் ஒன்று, தற்செயலாக நடக்கும் எதுவும் துப்பறிகிறவருக்கு உதவக்கூடாது என்பது. நியாயமான விதி. சில ஆண்டுகள் கழித்து, 1940களில், ஆனந்த விகடனில் தேவன் அந்த விதியை அப்படியே தலைகீழாகப் புரட்டி ஒரு தொடரே எழுதினார். அதுதான் துப்பறியும் சாம்பு. சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா, எல்லாரும் அசடு என்று ஒதுக்கிய ஆள். ஏதோ நினைத்து ஏதோ செய்வான், தடுக்கி விழுவான், விழுந்த இடத்தில் குற்றவாளி இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்துபோவார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சாம்பு ஏன் அந்த நேரத்தில் அங்கே போனான், ஏன் அந்தப் பொருளைத் தொட்டான் என்பதற்கெல்லாம் அவனுடைய அசட்டுத்தனத்திலேயே தேவன் காரணம் வைத்திருப்பார். அந்தக் காரணம் இல்லாமல் வரும் அதிர்ஷ்டத்தை வாசகர் இரண்டாவது கதையிலேயே நம்பமாட்டார். தேவன் 43 வயதில், 1957ல் இறந்துபோனார். நான் இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவை சாம்புவை எடுத்துப் படிக்கிறேன், இரண்டாம் வாசிப்பில் அந்தக் காரணங்களைத் தேடிக்கொண்டு.

(இங்கே நம் பர்மியச் சிநேகிதர்களுக்கும் பிரியமான துப்பறிவாளர் ஒருவர் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைத் தழுவி ஷ்வே ஊ டாங் படைத்த மௌங் சான் ஷா. லண்டன் கதைகளைக் கொண்டுவந்து ரங்கூன் தெருக்களில் நடக்கவிட்டார். உங்கள் மாணவர்களில் பர்மிய எழுத்து நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.)

சரி, உங்கள் மனசை உறுத்திய கேள்விக்கு வருகிறேன். செத்தவர் கதையில் சிரிக்கலாமா?

அதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. செருப்பு கிடக்கும் இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வராதபடி எழுதியவர் பார்த்துக்கொண்டார். அந்த நாவலில் இறந்தவரைப் பார்த்து நீங்கள் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை, நகைக்காக நாய் மாதிரி ஓடுகிறவர்களைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள். பங்காளி துக்கம் விசாரிக்க வந்து கண் மட்டும் இரும்புப்பெட்டிப் பக்கம் போனால், அதைப் பார்த்துச் சிரிப்பது இறந்தவருக்கு அவமரியாதை இல்லை. அவர் பக்கம் நிற்பதுதான். மகள் வந்ததும் எழுத்தாளர் வேடிக்கையை நிறுத்திவிட்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் எழுதிய புத்தகத்தை நம்பிச் சிரிக்கலாம். அது தெரியாதவர்கள் எழுதிய கதைகளும் உண்டு, பிணத்தையே வேடிக்கைப் பொருளாக்கி மூலைக்கு மூலை இழுத்துப் போவார்கள். அவற்றைப் படிக்கும்போது எனக்கும் புத்தகத்தை மூடிவிடத் தோன்றும்.

உங்கள் அண்ணன் கோபத்தில் கேட்டதற்கு வாதம் பண்ண எனக்கு மனசில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1964 மார்ச் 19ஆம் தேதி கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா ரங்கூனில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தார். அதுவும் போனது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு கப்பலேறினார்கள். போகும்போது எதையும் பெரிதாகக் கொண்டுபோக முடியாது. ஒரு தகரப்பெட்டி நிறையத் தமிழ்ப் புத்தகங்களை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் போகவில்லை. அப்பா அந்தக் கோடை முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தார். யாரோடும் பேசமாட்டார், சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான். அம்மாதான் அந்தப் பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். அதுவும் இப்படி ஒரு கதைதான், திருட்டும் குளறுபடியுமாக.

இரண்டு மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அப்பா இருமுகிறார் என்று நினைத்தேன். அம்மா முறத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து போகவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. முறத்தைத் தட்டாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், அவர் சிரிப்பு நின்றுவிடக்கூடாதே என்று. மறுநாள் ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு அப்பா எங்களுக்கு அந்தக் கதையை முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். அதற்கடுத்த வாரம் வேலை தேடி வெளியே போனார்.

அந்தப் புத்தகம் அவர் கடையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் குரலை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. இதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏப்ரலில் இங்கே வெயில் 37 டிகிரி வாக்கில் அடிக்கிறது. ஃபேன் ஓடுவதில்லை, மத்தியானத் தூக்கமும் வருவதில்லை. அந்த நேரத்தில் கனமான நாவலின் ஒரு பத்தியை நான்கு தடவை படித்தாலும் மனசில் ஏறுவதில்லை. எனக்கு மழைக்காலம்தான் அதற்கெல்லாம் தோது. கோடைக்கு வேண்டியது அத்தியாயம் சின்னதாக, ஆட்கள் நிறைய, எங்கே நிறுத்தினாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளக்கூடிய கதை. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. கோடையில் மோர் குடிக்கிறவர்களைப் பார்த்து ஏன் பாயசம் குடிக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

வகுப்பு திரும்பத் தொடங்கியதும் அந்த அத்தை வரும் மூன்று இடங்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாடி ஏன் கனக்கிறது என்று கேளுங்கள். எந்தப் பிள்ளை சிரிக்காமல் யோசிக்கிறது என்று பாருங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்தை அவ்வளவு கூர்மையாக அவர்கள் படித்திருக்கமாட்டார்கள்.

ஒரு உதவி கேட்கிறேன். வகுப்பு முடிந்ததும் அந்தப் புத்தகத்தை ரங்கூன் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். ஒரு வாரத்தில் படித்துவிட்டு, காக்கி அட்டை போட்டு, முதுகைத் தைத்துத் திருப்பி அனுப்புகிறேன். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டே எடுத்து வாருங்கள்.

அன்புடன்.