பெங்களூரில் கிறிஸ்தவப் பள்ளி: பிள்ளையைச் சேர்த்தால் நீங்களும் சேர வேண்டியிருக்கும்

கேள்வி: சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாறி வந்திருக்கிறோம். மகளை ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு தனியார் கிறிஸ்தவப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்க யோசனை. நாங்கள் இந்துக்கள். சூழல் எப்படி இருக்கும்? மதத்தைத் திணிப்பார்களா? வெளியாள் மாதிரி நடத்துவார்களா?

தாராளமாகச் சேர்க்கலாம். நாங்களும் இந்துக் குடும்பம்தான். காக்ஸ் டவுனில் இருக்கிறோம், மகள் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி ஒன்றில் எட்டாவது படிக்கிறாள். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, நாளைக்கு அதே சிஸ்டர் முகத்தில்தான் நான் விழிக்க வேண்டும்.

மத விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். காலை அசெம்பிளியில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பைபிளிலிருந்து சில வரிகள். அப்புறம் ஒரு பிள்ளை அன்றைய செய்தித் தலைப்புகளை வாசிக்கும். கத்தோலிக்கப் பள்ளிகளில் பொதுவாக கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகிற பீரியடில் மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ். புராட்டஸ்டன்ட் பள்ளிகள் சிலவற்றில் ஸ்கிரிப்ச்சர் வகுப்பு எல்லாருக்கும் உண்டு. 2022 ஏப்ரலில் இது பெங்களூரில் பெரிய செய்தியானது. ஒரு பழைய பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில், பிள்ளை பைபிள் கொண்டு வருவதற்கும் அந்த வகுப்பில் உட்காருவதற்கும் ஆட்சேபம் இல்லை என்று பெற்றோர் எழுதிக்கொடுக்கிற வாசகம் இருந்தது. சில அமைப்புகள் புகார் கொடுத்தன, கல்வித் துறையும் விசாரித்தது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் யாரையும் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, சிறுவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. அந்தச் சம்மதம் சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு வரியாக இருக்கலாம். அதனால் கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு பள்ளி பாருங்கள், ஊரில் பள்ளிக்கா பஞ்சம்!

எங்கள் வீட்டில் மகளுக்கு அசெம்பிளி ஜெபமும் மனப்பாடம், என் மாமியார் சொல்லிக்கொடுத்த முருகன் பாட்டும் மனப்பாடம். பரீட்சை சமயத்தில் இரண்டையும் சொல்லிவிட்டுப் போகிறாள். இவ்வளவு வருடத்தில் மதம் மாறச் சொல்லி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இனி வெளியாள் விஷயம். நீங்கள் வெளியாளாக உணர்வீர்கள், ஆனால் மதத்தால் அல்ல. பள்ளியில் நடப்பது உங்கள் காதுக்கு வராது, அதுதான் காரணம்.

இந்தப் பள்ளிகளில் செய்தி மூன்று வழியாக ஓடுகிறது. முதலாவது டைரியும் சர்க்குலரும். இப்போது ஆப் வந்துவிட்டது. அதில் வருவது எல்லாம் ஏற்கெனவே முடிவான விஷயம். இரண்டாவது கோயில், அதாவது சர்ச். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நின்று பேசும்போது ஆசிரியர், பழைய மாணவி, பங்குப் பேரவை ஆள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அடுத்த வருடம் யூனிஃபார்ம் மாறுகிறது என்பது அங்கேதான் முதலில் தெரியும். மூன்றாவது கேட். நமக்கு இருப்பது இதுதான்.

கேட் என்றால் வேன் ஓட்டும் அண்ணன்கள், வாட்ச்மேன், ஆயாம்மாக்கள், பேரப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பாட்டிகள், கூடவே ஸ்கூட்டரை ஓரம் கட்டி நிற்கும் நம் மாதிரி அம்மாக்கள். கண்டோன்மென்ட், அதாவது ஆங்கிலேயர் காலத்து ராணுவக் குடியிருப்புப் பகுதி, அதன் பக்கத்துப் பள்ளி என்றால் கேட்டில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். உள்ளே வகுப்பில் கறாராக இங்கிலீஷ் பேசும் மிஸ், வெளியே வந்ததும் "என்னங்க, உங்க பொண்ணு ரெண்டு நாளா டல்லா இருக்காளே" என்று கேட்பார். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் இந்த ஒரு வரி கிடைக்காது. அங்கே "கவனம் சிதறுகிறது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

மகள் யு.கே.ஜி. படித்தபோது ஒரு மதியம் ஆயாம்மா என்னிடம், "பாப்பாவுக்கு நாளைக்குக் கலர் டிரஸ், தெரியும்ல? மதர் ஃபீஸ்ட்டு" என்றார். டைரியில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் கன்னியாஸ்திரீகளின் சபையை நிறுவிய மதரின் விழா என்றால் கலர் டிரஸ், அரைநாள் பள்ளி, ஆளுக்கு ஒரு கேக் என்பது அங்கே படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கமாம். எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள். நூறு வருடம் தாண்டிய பள்ளிகளில் இப்படி எழுதாத விஷயம் நிறைய இருக்கும்.

பழமை என்று சும்மா சொல்லவில்லை. சேக்ரட் ஹார்ட் 1854, செயின்ட் ஜோசப்ஸ் 1858, பிஷப் காட்டன் 1865, பால்ட்வின் 1880. 1809-ல் ஆங்கிலேயர்கள் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது, மதராஸ் படையோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், காண்டிராக்டர்கள், கொத்தனார்கள் எல்லாம் ஹலசூரு, சிவாஜிநகர் பக்கம் குடியேறினார்கள். பள்ளிகள் முதலில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் வந்தன. நம் ஆட்கள் உள்ளே போய்ப் படிக்கப் பல காலம் ஆனது. 1949-ல்தான் கண்டோன்மென்ட்டும் பழைய பெங்களூர் நகரமும் ஒரே மாநகராட்சியாயின. சென்னைக்காரர்கள் சர்ச் பார்க் பள்ளி என்றதும் சொல்கிற ஜெயலலிதாகூட, சின்ன வயதில் கொஞ்ச காலம் படித்தது இங்கே பிஷப் காட்டன் பெண்கள் பள்ளியில்தான்.

இந்த ஊருக்குள் நீங்கள் நுழைய ஒரு நல்ல வாசல் இருக்கிறது: ஃபேட். பள்ளி மைதானத்தில் ஒரு நாள் முழுக்க நடக்கும் திருவிழா. வகுப்புக்கு ஒரு கடை, ராஃபிள் சீட்டு, பேண்ட், மேடையில் மைக் பிடித்து நம்பர் கூப்பிடுகிற ஹவுசி. ஹவுசிதான் இதன் உயிர். ஆங்கிலோ இந்தியப் பாட்டிகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆளுக்கு நாலு டிக்கெட் வைத்து ஆடுவதைப் பார்க்கவே போகலாம். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பழைய மாணவிகள் லீவில் வந்தால் இதற்கென்றே நாள் பார்த்து வருவார்கள்.

ஃபேட்டுக்கு இரண்டு வாரம் முன்பு ராஃபிள் புத்தகத்தைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்புவார்கள். விற்க வேண்டும். இதில் எனக்கு இன்னும் எரிச்சல்தான். அபார்ட்மென்டில் கதவு தட்டி விற்க முடியாமல் முழுப் புத்தகத்தையும் அப்பாவே வாங்கிவிடுவதுதான் முக்கால்வாசி வீட்டில் நடக்கிறது. ஃபீஸும் கட்டி இதுவுமா என்று தோன்றும், தோன்றுவதில் நியாயமும் உண்டு. ஆனால் கடை போட ஆள் கேட்டு வரும் தாளில் பெயர் கொடுங்கள். நான் கொடுத்தேன். எங்களுக்குக் கிடைத்தது மசால்வடைக் கடை. கூட நின்றவர்கள் லிங்கராஜபுரத்துக் கத்தோலிக்க அம்மா ஒருவர், டேனரி ரோட்டில் இருந்து வந்த முஸ்லிம் அம்மா ஒருவர், ஒரு மலையாளி டாக்டர். காலை ஏழு மணிக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தோம், மூன்று மணிக்குள் மாவு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னை "எட்டாங்கிளாஸ் அம்மா" என்பதற்குப் பதிலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், யூனிஃபார்ம் மாறும் செய்தியும் முன்கூட்டியே வர ஆரம்பித்தது. அந்த லிங்கராஜபுரத்து அக்காதான் கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கும் குல்குல் என்கிற இனிப்பும் டப்பாவில் அனுப்புவார். பொங்கலுக்கு நான் அனுப்புகிற டப்பா அவருடையதுதான், காலியாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை.

உங்கள் காலண்டரும் மாறும். ஆகஸ்ட் 29-ல் சிவாஜிநகர் செயின்ட் மேரிஸ் சர்ச்சில் மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றம். அன்றிலிருந்து செப்டம்பர் 8 வரை, காவிச் சேலை கட்டிய கூட்டம் நடந்தே வரும். எட்டாம் தேதி சாயங்காலம் தேர். அந்தப் பக்கம் வண்டி நகராது, வேன் தாமதமாகும், போன் போட்டுப் பதறாதீர்கள். விடுமுறையையும் கவனியுங்கள். கர்நாடகத்தில் தசரா லீவு நீளம், கிறிஸ்தவப் பள்ளிகள் சில அதில் கொஞ்சம் குறைத்து அந்த நாட்களை கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பதுண்டு. தசராவுக்கு ஊருக்கு டிக்கெட் போடுமுன் பள்ளிக் காலண்டரைப் பாருங்கள். ஈஸ்டருக்கு முன்னால் மாஸ்க் ரோடு ஆல்பர்ட் பேக்கரியில் ஹாட் கிராஸ் பன் வரும். அது 1902-லிருந்து இருக்கும் கடை. மகள் கேட்பாள், வாங்கித்தான் ஆக வேண்டும்.

கண்டிப்பு உண்டு. நகம், முடி, சாக்ஸ் எல்லாம் பார்ப்பார்கள். ஒரு தீபாவளி முடிந்து கையில் மருதாணியோடு போன மகளை வரிசையிலிருந்து தனியே நிறுத்தினார்கள். எனக்குக் கோபம் வந்தது. பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் ஆளாளுக்குக் கொதித்தார்கள், ஆனால் நேரில் போவதற்கு யாரும் வரவில்லை. நானும் இன்னொரு அம்மாவும் மட்டும் போய்த் தலைமை சிஸ்டரிடம் உட்கார்ந்து பேசினோம். "பண்டிகைக்கு வைத்தது இரண்டு வாரத்தில் தானே போய்விடும், சிஸ்டர், அழித்துக்கொண்டு வா என்றால் எப்படி அழிப்பாள்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சரி, பண்டிகை சமயம் விட்டுடலாம்" என்றார். அடுத்த வருடம் ரம்ஜான், தீபாவளி இரண்டுக்கும் யாரையும் நிறுத்தவில்லை. குரூப்பில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம். இந்தப் பள்ளிகளில் நேரில் போய்ப் பேசுகிற ஆளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

ஆனால் அந்த சிஸ்டர் இப்போது இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார். கன்னியாஸ்திரீகள் பள்ளிகளில் சில வருடத்துக்கு ஒருமுறை சபை மேலிடம் தலைமை சிஸ்டரை வேறு ஊருக்கு அனுப்பிவிடும். கோடை லீவில் நடக்கும், ஜூனில் திறந்தால் புது முகம். ஒருவர் விளையாட்டுக்கு முக்கியத்துவம் கொடுப்பார், அடுத்தவர் மார்க்குக்கு. பேராயம் நடத்துகிற பள்ளிகளில் நிர்வாகத்தின் தலையில் பிஷப் இருப்பார், அங்கே வரும் மாற்றம் பள்ளிக்கும் வரும். ஆகவே "பிரின்சிபால் ரொம்ப நல்லவங்க" என்று யாராவது சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இருபது வருடம் ஒரே பள்ளியில் இருக்கும் மிஸ்கள்தான் அந்தப் பள்ளி.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் 2015-ல் வந்த கன்னட மொழி கற்றல் சட்டப்படி, 2017-18 கல்வியாண்டிலிருந்து படிப்படியாகக் கன்னடம் கட்டாயமானது. ஐ.சி.எஸ்.இ. பள்ளிக்கும் அது பொருந்தும். பயப்பட வேண்டாம், எல்.கே.ஜி.யிலிருந்து படிக்கும் பிள்ளை நம்மைவிட நன்றாகப் பேசிவிடும். தமிழ் வகுப்பைப் பள்ளியில் எதிர்பார்க்காதீர்கள், அநேக இடத்தில் இல்லை. எங்கள் வகுப்புக் கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலர் ஞாயிறு பள்ளியில் தமிழ் பைபிள் வாசித்துப் பழகியவர்கள். நம் வீட்டில் அதற்கு நாமேதான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். என் மகளுக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத் தமிழ் வந்திருக்கிறது.

சேர்க்கைக்கு வருவோம். சிறுபான்மைப் பள்ளி என்றால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள் அங்கே இல்லை. உச்ச நீதிமன்றம் 2014-ல் பிரமதி வழக்கில் சிறுபான்மைப் பள்ளிகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு, ஞானஸ்நானச் சான்றிதழும் பங்குத்தந்தை கடிதமும் கேட்பார்கள். அடுத்து ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கை, பழைய மாணவிகளின் பிள்ளைகள். மிச்ச இடத்தில்தான் நாம். அதனால் ஒரே பள்ளியை நம்பி இருக்காமல் மூன்று நாலு இடத்தில் படிவம் போடுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எல்.கே.ஜி.க்கு நாலு.

படிவம் நிரப்பும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வரும். இனிஷியல் மட்டும் வைத்திருக்கும் நம் ஆட்கள் அங்கேதான் திணறுவோம். சிலர் அவசரத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள். எதைப் போடுவது என்று வீட்டில் இப்போதே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், படிவம் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கச் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை அந்தப் பெயர்தான் போகும், நடுவில் மாற்ற வேண்டுமென்றால் அஃபிடவிட்டோடு அலைய வேண்டும்.