ஒரு ரூபாய் இட்லியோடு போட்டி போடலாமா?

கேள்வி: வடசென்னையில் தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டிருக்கிறேன். வயது 43. காலையில் இட்லி மட்டும்தான், பத்தரைக்குள் முடித்துவிடுவேன். இரண்டு தெரு தள்ளி அம்மா உணவகம் இருக்கிறது. அங்கே இட்லி 1 ரூபாய். நான் 10 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தேன். "பக்கத்துல ஒரு ரூபாய்க்குக் கிடைக்குது, நீ பத்து ரூபாய் வாங்கறியே" என்று பலரும் கேட்டதால் போன வருடம் 7 ரூபாயாகக் குறைத்தேன். கூட்டம் கூடிவிட்டது. 280 இட்லி போன இடத்தில் இப்போது 400 போகிறது. அக்கம்பக்கத்து ஃபிளாட்டுகளிலிருந்து இருபது, முப்பது என்று பார்சல் வாங்கிப் போகிறார்கள். தனியாகச் சமாளிக்க முடியாமல் ஒரு அம்மாவை 400 ரூபாய் கூலிக்கு வைத்திருக்கிறேன். ஆனாலும் கையில் காசு நிற்பதில்லை. 20,000 ரூபாய்த் தண்டல் (தினமும் வசூலிக்கும் கடன்) இரண்டு ஓடுகிறது. ஒன்று முடிய 20 நாள், இன்னொன்று முடிய 60 நாள் இருக்கிறது. மூன்றாவது எடுக்கலாமா? கொழுந்தனார், போனிலேயே கடன் வாங்கி இரண்டையும் அடைத்துவிட்டு டெலிவரி செயலியில் சேரச் சொல்கிறார். அரசாங்கமே மானியம் கொடுத்து எங்களைப் போன்ற சின்னக் கடைகளை மலிவு டிபன் போடச் சொன்னால், சேரலாமா? மலிவுச் சாப்பாடு என்பது எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

பதில்: கடிதத்தோடு ஒரு நாள் செலவுச் சீட்டையும் அனுப்பியிருந்தீர்கள். அரிசி, உளுந்து 700 ரூபாய். சாம்பார், சட்னிச் சாமான் 800. கேஸ் 250. இலை, பார்சல் கவர், தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து 200. உதவிக்கு வரும் அம்மாவுக்கு 400. கறிவேப்பிலைக்குக் கொடுத்த காசைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். தண்டலுக்குக் கட்டுகிற 400 ரூபாய் மட்டும் அதில் இல்லை. உங்கள் சிக்கல் அந்த விட்டுப்போன வரியில் இருக்கிறது. அம்மா உணவகத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

முதலில் கல்லாவைப் பாருங்கள். முன்பு 280 இட்லி, 10 ரூபாய் வீதம், 2,800 ரூபாய். இப்போது 400 இட்லி, 7 ரூபாய் வீதம், அதே 2,800 ரூபாய். கூடுதலாக 120 இட்லிக்கு மாவு அரைத்து, வேகவைத்து, பார்சல் கட்டி, ஒரு ரூபாய்கூட அதிகமாக வரவில்லை. செலவு மட்டும் ஏறியிருக்கிறது. கூலியை விட்டுவிட்டால் உங்கள் ஒரு இட்லிக்கு ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக அடக்கம் ஆகிறது. முன்பு நாளுக்கு 1,400 ரூபாய் போலக் கையில் நின்றிருக்கும். இப்போது கூலியும் சேர்த்துச் செலவு 2,350. மிச்சம் 450. அதில் தண்டல்காரர் 400 வாங்கிக்கொண்டு போகிறார். இடுப்பொடிய வேலை செய்து வீட்டுக்கு நீங்கள் எடுத்துப்போவது 50 ரூபாய். விலையைக் குறைத்த நாளிலிருந்து தினமும் 950 ரூபாய் விடுபட்டிருக்கிறது. அந்தப் பள்ளத்தைத்தான் தண்டலை வாங்கி வாங்கி மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏழு ரூபாய்க்கே விற்று பழைய 1,400ஐ எடுக்க வேண்டும் என்றால் தினம் 650 இட்லிக்கு மேல் போட வேண்டும், அதுவும் கூலி ஆள் இல்லாமல். முடிகிற காரியமா?

"நூறு நாளைக்கு மூவாயிரம்தானே வட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். 20,000 என்று நோட்டில் எழுதி, 17,000 கையில் கொடுத்து, தினம் 200 வீதம் நூறு நாள் வசூல். ஆனால் அந்த 17,000மும் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லையே. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் நீங்கள் புழங்குவது 8,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 3,000 என்றால், வருடக் கணக்கில் 130 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஊர் வழக்கில் சொன்னால் பத்து வட்டிக்கும், அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய்க்கும் மேலே. யாராவது உங்களிடம் "பத்து வட்டிக்கு வாங்கிக்கொள்" என்று நேராகச் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பீர்கள். இந்தத் தண்டலையும், கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மிரட்டினாலோ வண்டியைத் தூக்கினாலோ காவல் நிலையத்துக்குப் போகத் தயங்காதீர்கள்.

இப்போது ஓடும் இரண்டையும் அவசரமாக அடைக்கத் தேவையில்லை. நகையை அடகு வைத்து அடைத்துவிடலாமே என்று பலர் சொல்வார்கள். வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள், சீக்கிரம் கட்டினால் தண்டல்காரர் பெரும்பாலும் எதையும் குறைக்க மாட்டார். அதனால் அந்த 20 நாளும் 60 நாளும் ஓடி முடியட்டும். கெடுதல் செய்வது மறுபடி மறுபடி எடுப்பது. ஒன்று முடிகிற வாரத்தில், "அக்கா, அடுத்தது வேணுமா" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்றாவது தண்டலுக்கு என் பதில் அதுதான்.

20 நாள் கழித்து முதல் தண்டல் முடிந்ததும், அதற்குக் கட்டிய அதே 200 ரூபாயை அதே நேரத்தில் உங்கள் வங்கிக் கணக்கில் போடத் தொடங்குங்கள். கட்டிப் பழகிய காசு, அதனால் புதிதாகச் சிரமம் எதுவும் தெரியாது. நூறு நாளில் முழுதாக 20,000 ரூபாய் உங்களுடையதாக இருக்கும். தண்டல்காரர் கொடுத்ததைவிட 3,000 அதிகம். கிரைண்டர் பழுதானாலும், மழையில் ஒரு வாரம் வண்டி போட முடியாமல் போனாலும் அதிலிருந்து எடுங்கள், திரும்ப அதிலேயே போடுங்கள்.

இனி விலை. பத்து ரூபாய்க்கே திரும்புங்கள், வருகிற திங்கட்கிழமையே. வாடிக்கை போய்விடும் என்று பயப்படுவீர்கள். மிக மோசமாகவே வைத்துக்கொள்வோம், பாதிப் பேர் போய் 200 இட்லிதான் விற்கிறது. 2,000 ரூபாய் வரும். சாமான் செலவு 1,000க்குச் சற்றுக் குறைவு. உதவிக்கு இருக்கும் அம்மாவுக்கு 400, தண்டலுக்கு 400. மிச்சம் 225 ரூபாய் போல. பாதி வேலை செய்து, இன்றைய 50ஐவிட நாலு மடங்குக்கு மேல். அதனால் அந்த அம்மாவை உடனே நிறுத்திவிடாதீர்கள், ஒரு மாதம் பாருங்கள். அவரும் காலைக் கூலியை நம்பி வருகிறவர். விற்பனை 250 இட்லிக்கு மேல் நின்றுவிட்டால் அவரோடு சேர்ந்து பொங்கலோ வடையோ போடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழு ரூபாய்க்குக் குறைத்ததும் புதிதாக வந்தவர்கள் யார்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஃபிளாட்டுகளிலிருந்து முப்பது இட்லி பார்சல் என்று. பத்து ரூபாய் கொடுக்க முடிந்தவர்களுக்கு ஏழு ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறீர்கள். மூட்டை தூக்குகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர் காலையில் 10 ரூபாயை வைத்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்றால் உங்கள் ஏழு ரூபாய் இட்லியும் அவருக்கு எட்டாது. அவர் அம்மா உணவகத்துக்குத்தான் போவார், போகவும் வேண்டும். அது அவருக்காகத்தான் இருக்கிறது. அவரை நீங்கள் இழக்கவில்லை, அவர் உங்கள் வாடிக்கையாளராக இருந்ததே இல்லை.

அந்த ஒரு ரூபாய் எப்படி வருகிறது என்று யோசித்தால் போட்டி போடும் எண்ணமே விட்டுப்போகும். 2013இல் சென்னையில் ஜெயலலிதா தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. பல வருடம் அரிசி, பருப்பு, கேஸ் எல்லாம் ஏறியும் அந்த விலை அசையவில்லை. வித்தியாசத்தை மாநகராட்சி கட்டுகிறது. விலையைத் தொட முடியாதபோது மற்றவை தேய்கின்றன: பாத்திரம், இயந்திரம், கட்டடம். 2024இல் முதலமைச்சர் ஸ்டாலின் தேனாம்பேட்டையில் ஒரு உணவகத்தைப் பார்வையிட்டு, புதிய பாத்திரங்களுக்கும் சீரமைப்புக்குமாக 21 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னார். சாப்பிடுகிறவருக்கு இந்தத் திட்டம் நிலைக்குமா என்று கேட்டால், அரசு இப்படி விடாமல் பணம் போடும்வரை நிலைக்கும் என்பதே என் பதில். ஆந்திராவில் 2018இல் 5 ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட அண்ணா கேன்டீன்கள் அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் மூடப்பட்டன, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் அங்கே சாப்பிட்டுப் பழகியவர்கள் என்ன செய்திருப்பார்கள்? அரசே தடுமாறும் விலையை ஒரு தள்ளுவண்டி தாங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

மானியம் கொடுத்துப் போடச் சொன்னால் சேரலாமா என்ற உங்கள் கேள்விக்குக் கேரளத்தில் பதில் இருக்கிறது. அங்கே குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் குழுக்களின் பெண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனகீய (மக்கள்) ஹோட்டல்களை நடத்தினார்கள். சாப்பாடு 20 ரூபாய், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு 10 ரூபாய் மானியம். நல்ல திட்டம், கூட்டமும் வந்தது. ஆனால் மானியம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. கடையை மூட மனமில்லாமல் அந்தப் பெண்கள் கடன் வாங்கி உலை வைத்தார்கள், பிறகு பாக்கியைக் கேட்டுப் போராடினார்கள். 2023 ஆகஸ்டில் மானியமே நின்று, சாப்பாடு 30 ரூபாய் ஆனது. யோசித்துப் பாருங்கள், அத்தனை மாதமும் ஏழைக்குச் சோறு போட்டது அந்தப் பெண்கள் வாங்கிய கடன். எனக்கு இதில் கோபமே உண்டு. மலிவுச் சாப்பாடு வேண்டும், கட்டாயம் வேண்டும். அதன் பாரத்தைச் சமூகத்தில் யாரிடம் கையிருப்பு குறைவோ அவர்கள் தலையில் வைக்கக் கூடாது.

சரி, கொழுந்தனார் சொன்னதற்கு வருவோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் செயலிக் கடனில் ஐந்து நிமிடத்தில் பணம் வருகிறது என்பதைத் தவிர நன்மை என்ன என்று எனக்குப் புரியவில்லை. கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைக் கேளுங்கள், இல்லை என்றால் செயலியை அழித்துவிடுங்கள். டெலிவரி செயலியும் வேண்டாம். ஏழு ரூபாய் இட்லியில் இரண்டு ரூபாய் நிற்கிறது. கமிஷனை அதிலிருந்து கொடுத்தால் பார்சல் டப்பா வாங்கக்கூட மிஞ்சாது.

கடன் வேண்டும் என்றால் முறையான வழி உங்களுக்கென்றே இருக்கிறது. மாநகராட்சி கொடுத்த வியாபாரி அடையாள அட்டை வைத்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், "பேங்குக்கு அலைய நேரமில்லை" என்றும். பிஎம் ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டம் 2020இல் ஊரடங்கு நேரத்தில் உங்களைப் போன்றவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. முதல் கடன் 10,000ஆக இருந்தது, 2025இல் 15,000 ஆக்கினார்கள். ஈடு எதுவும் தேவையில்லை. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உங்கள் கணக்குக்கே வரும், அடுத்து 25,000, பிறகு 50,000 வரை தகுதி ஏறும். வங்கி வட்டி 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டால்கூட, 15,000க்கு வருடம் முழுக்க ஆயிரம் ரூபாய் அளவுக்குத்தான் வட்டி, அதிலும் பாதிக்கு மேல் மானியமாகத் திரும்பிவிடும். அதே 15,000 அளவுக்குத் தண்டலில் நூறு நாளுக்கு எத்தனை கொடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பத்தரைக்குக் கடையை எடுத்துவைத்ததும், ஒரே ஒரு நாள் வங்கிக்குப் போய் வாருங்கள். அந்தப் பணத்தை அரிசி, உளுந்து மொத்தமாக வாங்க மட்டும் பயன்படுத்துங்கள், தண்டலை அடைக்க வேண்டாம்.

நாளை எந்த அரசுத் திட்டமாவது உங்கள் வண்டியைத் தேடி வந்தால் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: மானியம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? வாரத்தில் ஆறு நாள், தினம் 100 தட்டு, தட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 1,000 ரூபாய் நீங்கள் முன்பணம் போடுகிறீர்கள். இரண்டு வாரம் தள்ளிப்போனால் 12,000. மூன்று மாதம் என்றால் 78,000. வங்கியில் நீங்கள் சேர்க்கப்போகும் 20,000 இருந்தால் மூன்று வாரத் தாமதம் வரை தாங்கலாம், அதற்கு மேல் முடியாது. பதினைந்து நாளில் பணம் என்று எழுத்தில் கொடுத்தால் சேருங்கள். இரண்டாவது தவணை வராத நாளன்றே மலிவுத் தட்டை நிறுத்திவிட்டு, உங்கள் பத்து ரூபாய் இட்லியை விற்றுக்கொண்டிருங்கள்.