சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? நர்சிங் பிள்ளைகளின் மருந்துக் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து நர்சிங் படிக்கும் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. வார்டில் அதிகம் சிக்கல் வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அக்கா, இன்சுலின் 20 யூனிட் என்று ஆர்டர். சிவப்பு மூடி சிரிஞ்ச் தீர்ந்துபோச்சு. ஆரஞ்சு மூடியில் 20 கோடு வரை எடுத்தால் போதாதா?

போதாது. நம் வார்டுகளில் வரும் இன்சுலின் வயல், அதாவது மருந்துக் குப்பி, பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் அதற்கென்றே கோடு போட்டது. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கு. 40 வயலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். சர்க்கரை இறங்காது, டாக்டர் டோஸை ஏற்றுவார். அப்புறம் சரியான சிரிஞ்ச் கைக்கு வந்ததும், ஏற்றிய டோஸ் முழுதாகப் போய் நோயாளி வியர்த்து மயங்குவார்.

தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. 100 வயலைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் அரை மில்லி, 50 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் பொதுவாக 100தான். அதிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சவே கூடாது. கணக்குப் போட்டுச் சமாளிக்காதீர்கள், பக்கத்து வார்டில் கேட்டாவது சரியான சிரிஞ்ச் வாங்குங்கள். வயலில் 40 என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் படியுங்கள்.

ஒரு பாட்டி பை நிறைய மாத்திரை கொண்டுவந்தார். பாதி பொள்ளாச்சியில் வாங்கியது, பாதி பாலக்காட்டில். எதைக் கொடுப்பது?

டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை எதையும் கொடுக்காதீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மருத்துவம் பார்ப்பது நம் ஊரில் சகஜம். ஆம்லாங் ஒரு அட்டை, ஸ்டாம்லோ ஒரு அட்டை இருக்கும். இரண்டும் ஆம்லோடிபின் என்ற ஒரே பிபி மருந்துதான். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் பிபி விழும், கால் வீங்கும். டோலோவும் அல்ட்ராசெட்டும் அப்படித்தான், இரண்டிலும் பாராசிட்டமால் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம், கல்லீரல் கெட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. பையைக் கட்டிலில் கொட்டி, அட்டைக்கு அட்டை உள்ளே என்ன மருந்து என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பாட்டி தினமும் எதைச் சாப்பிடுகிறார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பொட்டாசியம் குளோரைடை மெதுவாக ஐவி புஷ், அதாவது சிரிஞ்சால் நேரே நரம்பில், கொடுக்கலாமா?

கூடவே கூடாது. மெதுவாகக் கொடுத்தாலும் இதயம் நின்றுபோகும். டாக்டர் எழுதிய அளவை டிரிப் பாட்டிலில் கலந்து, பாட்டிலைப் பலமுறை தலைகீழாகப் புரட்டி, பிறகுதான் ஏற்ற வேண்டும். கலக்காமல் விட்டால் பொட்டாசியம் அடியில் தங்கி, முதலில் அதுவே உள்ளே போகும்.

500 மில்லி டிரிப் 4 மணி நேரத்தில் போகணும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

20 சொட்டு ஒரு மில்லி என்ற டிரிப் குழாய் செட்டானால் 500 x 20 / 240, ஏறக்குறைய 42. மைக்ரோ செட் என்றால் 60 சொட்டு ஒரு மில்லி, விடை 125. செட் கவரில் அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

டாக்டர் போனில் டோஸ் சொல்கிறார். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று புரியவில்லை. திரும்பக் கேட்டால் திட்டுவாரோ?

திட்டினாலும் கேளுங்கள். முதலில் எழுதுங்கள், பிறகு "ஒன்று, ஐந்து, பதினைந்து மில்லிகிராம், சரியா டாக்டர்?" என்று இலக்கம் இலக்கமாகப் படித்துக் காட்டுங்கள். நோயாளியிடமும் "நீங்கதான் ராஜனா?" என்று கேட்காதீர்கள், காது கேட்காதவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்ன?" என்று கேட்டு, கைப்பட்டையில் உள்ள பெயரோடும் ஐபி (உள்நோயாளி) நம்பரோடும் ஒத்துப்பாருங்கள்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாயில் கொடுக்கலாமா?

கூடாது. மேல் பூச்சு போனால் வயிற்று அமிலத்திலேயே மருந்து வீணாகும். எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்ட மாத்திரைகளையும் பொடிக்காதீர்கள், நாள் முழுக்கக் கரைய வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். மாற்று வடிவம் கேளுங்கள்.

தவறான மருந்து போய்விட்டால்?

முதலில் நோயாளியைப் பாருங்கள். நாடி, பிபி, மூச்சு, தேவைப்பட்டால் சர்க்கரை. உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். பயந்து மறைத்தால் அதை முறிக்கும் மருந்து கொடுக்க வேண்டிய நேரம் கைவிட்டுப் போகும். காலி ஆம்பியூலைக் குப்பையில் போடாதீர்கள். எது, எவ்வளவு உள்ளே போனது என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் உறுதி செய்வார்.