மலை முகாமுக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: வணக்கம் டீச்சர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறேன், ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை. மகள் நான்காம் படிவம். ஜெர்மனியிலிருந்து மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்திருக்கும் பிள்ளைகளோடு கேமரன் மலையில் மூன்று நாள் முகாம், மலையேற்றம் என்று பள்ளியில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை. இவளுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்தது. அந்தப் பிள்ளைகள் விலை கூடிய சாமான்களோடு வருவார்கள், நம் பிள்ளை கூச்சப்படுவாளோ என்றும் இருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கம்மா. ஆனால் கையெழுத்துப் போடும் முன் பொறுப்பாசிரியரை நேரில் பார்த்து, "மழை பிடித்தால் திரும்பிவிடலாம் என்று முடிவெடுப்பது யார்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னால் கையெழுத்தை நிறுத்தி வையுங்கள். "கூட வரும் மலிம், அதான் மலை வழிகாட்டி, சொல்வார், அவர் சொன்னால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் இறங்கிவிடுவோம்" என்றால் நிம்மதியாக அனுப்பலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாரணர் பிள்ளைகளோடு உங்கள் சுங்கை சிப்புட்டை அடுத்த லாசா பக்கம் ஆற்றங்கரையில் தங்கியபோது வழிகாட்டியாக வந்தவர் தெமியார் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். சோறு பொங்க அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டார். எங்களுக்கு மேலே நல்ல வெயில். சோறு கொதிக்கும்போது குச்சியைச் சுற்றித் தண்ணீர் ஏறியிருந்தது, நிறமும் டீத்தண்ணி மாதிரி மாறியிருந்தது, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பானையை அப்படியே விட்டுவிட்டு எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றினார். பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்த மணல் திட்டு கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. மேல்மலையில் பெய்த மழை. கெப்பாலா ஆயிர் என்று மலாய்க்காரர்கள் சொல்வது இதைத்தான். அவர் தயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

முகாம் போடும் இடத்தைப் பற்றியும் கேளுங்கள். 2022 டிசம்பர் 16 விடியுமுன் பத்தாங்காலி அருகே ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள், அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமமே இல்லை என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். தளத்துக்கு உரிமம் உண்டா, கூடாரம் செங்குத்துச் சரிவுக்குக் கீழே வருகிறதா, காட்டுக்குள் ஏற வன இலாகாவின் அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. எந்த நல்ல ஆசிரியரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் மரம் வெட்டப் போகும்போது போடுகிற கறுப்பு ரப்பர் காலணி, அதான் கம்போங் அடிடாஸ், அதைத்தான் இந்த நாட்டு மலையேறிகளில் பலர் விரும்பிப் போடுகிறார்கள். சேற்றில் வழுக்காது, தண்ணீர் குடித்துக் கனக்காது, சீக்கிரம் காயும். அவள் அளவுக்கு ஒன்று வாங்கி, வீட்டிலேயே சில நாள் நடக்க விடுங்கள். அட்டையை எடுப்பதும் உங்களுக்குத் தெரியாததா? உப்பும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம், சூடு பட்டால் அது காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய வாய்ப்பக்கம் நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அவ்வளவுதான். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதல் அட்டை ஏறியதும் அந்த ஜெர்மன் பிள்ளைகள் உங்கள் மகளைத்தான் தேடுவார்கள்.

இழுப்புக்கு, புறப்படுமுன் கிளினிக்கில் காட்டி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர்கிறது. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல், ராத்திரி 15 டிகிரி வரை இறங்கும். இன்ஹேலர் அவள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், பெரிய பையின் அடியில் வேண்டாம். ஜீன்ஸ் கொடுத்து அனுப்பாதீர்கள். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். பள்ளி டிராக் சூட்டே போதும். படுக்கப் போடும் உடுப்பை மட்டும் தனியாகக் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி வையுங்கள், என்ன மழை பெய்தாலும் அதைப் பிரிக்கக் கூடாது.

கேள்வி: முகாம் நாளில் மாதவிலக்கு வந்தால் மலை ஏறக் கூடாது என்கிறார் பாட்டி. உண்மையா டீச்சர்? (மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: ஏறலாம் கண்ணு. வயிற்றுவலி அதிகமென்றால் பெண் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு முகாமிலேயே இரு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேவையானதை இரண்டு பங்கு எடுத்துக்கொள், பயன்படுத்தியதைக் கட்டித் திரும்பக் கொண்டு வா, காட்டில் போடாதே. பாட்டியிடம் சண்டைக்குப் போகாதே, அவர் அக்கறையில் சொல்கிறார்.

கேள்வி: முகாமுக்கு முன் ஜெர்மன் மாணவி எங்கள் வீட்டில் தங்குகிறாள். அவளுக்கு என்ன சொல்லி வைக்கலாம்? (மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லுங்கள் தம்பி. அவள் ஊரில் கோடைக் காலத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இங்கே வருஷம் முழுக்க எட்டு மணிக்குள் இருட்டிவிடும், மரத்தடியில் அதற்கும் முன்னாலேயே. அந்தி என்று நீண்டு நிற்காது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று அவள் பின்தங்கிவிடக் கூடாது. தாகம் எடுக்கக் காத்திராமல் அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள், நம் புழுக்கம் அவளுக்குப் புதிது. கழுத்தில் ஒரு விசில் மாட்டிவிடுங்கள். வழி தவறினால் நடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே நின்று ஊத வேண்டும். இதை அவளிடம் சொல்வதோடு விடாமல் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.