எல்லா மிருகத்தையும் கண்டுபிடிச்சு முடிச்சாச்சா?

கேள்வி: பையன் அஞ்சாவது படிக்கிறான். எந்நேரமும் போன்ல காட்டு மிருக வீடியோதான். லீவுக்கு தேக்கடி போட்டிங் கூட்டிட்டுப் போனோம், ஒரு யானைகூட வரல, பாதியிலேயே போனை எடுத்துட்டான். கேட்டா "எல்லா மிருகத்தையும் கண்டுபிடிச்சு முடிச்சுட்டாங்கம்மா, மிச்சம் இருந்தா அமேசான்லதான் இருக்கும்"ங்கிறான். இவனுக்கு இயற்கைல ஆர்வம் வர்றதுக்கு நல்ல சம்மர் கேம்ப் இருக்கா? பைனாகுலர் எது வாங்கலாம்? வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் ஓட்டுறார், ரொம்ப செலவு பண்ண முடியாது.
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: அமேசானுக்கு டிக்கெட் போட வேண்டாம்மா. உங்க வீட்டுக்காரர் வண்டி ஏத்துற அதே கம்பம்மெட்டு ரோட்டைப் புடிச்சு அந்தப்பக்கம் போனா கட்டப்பனை வருதுல்ல, அந்தப் பக்கத்துல கெடச்ச ஒரு தவளைக்குத்தான் 2003-ல எஸ்.டி. பிஜுங்கிற கேரளாக்காரரும் ஃப்ராங்கி போஸ்யூட்ங்கிற பெல்ஜியத்துக்காரரும் பேர் வச்சாங்க. புது தவளைன்னா பரவால்ல, தவளைல ஒரு புதுக் குடும்பமே. அதுக்கு நெருங்கின சொந்தக்காரத் தவளைங்க எங்க இருக்குன்னா, அரபிக்கடலையும் தாண்டி சேஷல்ஸ் தீவுல. அந்தத் தீவும் நம்ம நாடும் ஒரே நிலமா ஒட்டிக் கெடந்து, பிரிஞ்சே ஆறு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஆளைப் பாத்தா உங்க பையன் சிரிப்பான். கத்திரிக்காய்க் கலர்ல உப்பிப்போன ஒடம்பு, குட்டிக் கண்ணு, சின்னதா வெளுப்பா ஒரு கூர்மூக்கு, குட்டைக் கையும் காலும். வருஷம் பூரா மண்ணுக்குள்ளயே இருந்து கறையான் தின்னுட்டு, கோடை மழை விழுந்து மண்ணு நனையுறப்ப சில நாள் மட்டும் மேல வந்து முட்டை போட்டுட்டு திரும்ப உள்ள போயிடும், அதனாலதான் மலையாளத்துக்காரங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ஓணத்துக்கு வர்ற மாவேலி ராஜா பேரை வச்சு, மாவேலித் தவளைன்னும் சொல்றாங்க. இதோட தலைப்பிரட்டை இருக்கே அது இன்னும் கில்லாடி, வாயாலேயே பாறையைக் கவ்விக்கிட்டு வெள்ளம் அடிக்கிற ஓடைல மாசக்கணக்குல தொங்கும். அந்தத் தலைப்பிரட்டையைப் பத்தி 1918-லயே எழுதி வச்சுட்டாங்க, ஆனா வளந்த தவளை பேரோட புக்குல ஏறுறதுக்கு இன்னொரு 85 வருஷம் ஆச்சு. சரி, அதோட முடிஞ்சுதான்னு பாத்தா 2017-ல மலைக்கு நம்ம பக்கத்துச் சரிவுல, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், இதுக்கு ஒரு தம்பி கெடச்சான். ஊர்வன, தவளையெல்லாம் ஆராய்ஞ்ச பூபதிங்கிறவர் நினைவா அதுக்குப் பேர் வச்சிருக்காங்க. பையன்கிட்ட இதைச் சொல்லிட்டு "முடிஞ்சுபோச்சா?"ன்னு கேளுங்க.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. போட்ல யானை வரலன்னு மொதல்ல சலிச்சுக்கிட்டது யாரு, பையனா பெரியவங்களா? டிக்கெட் எடுத்தாச்சு, யானை கால்ஷீட் குடுத்திருக்கு, வரணும்ங்கிற மாதிரி மொத்த போட்டும் உச்சு கொட்டுனா பிள்ளை போனை எடுக்காம என்ன செய்வான். அந்த ஏரிக்குள்ள கறுப்பா மொட்டை மரமா நிக்குதே, 1895-ல முல்லைப்பெரியாறு அணை கட்டித் தண்ணி தேங்குனப்ப மூழ்கின காட்டோட மரம் அதெல்லாம். அது மேல நீர்க்காகமும் பாம்புத்தாராவும் றெக்கையை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். வாத்து றெக்கைல தண்ணி நிக்காம உருண்டுடும், இதுங்களுக்கு நல்லா ஊறும், ஊறுனாத்தான் மிதக்காம முங்கி மீன் புடிக்க முடியும், அப்புறம் வெயில்ல காய வைக்கணும். இதை யாராவது ஒருத்தர் கைகாட்டிச் சொல்லியிருந்தா அரை மணி நேரம் ஓடியிருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், பையன் மண்ணுல உக்காந்தா "ச்சீ, எந்திரிடா, சட்டை அழுக்காவுது"ன்னு கத்துறது. ஆர்வத்தை வீட்டுல அடிச்சு வெரட்டிட்டு கேம்ப்ல காசு குடுத்து வாங்க முடியாதும்மா.

வீட்டு எறவாணத்துக்குக் கீழ, மழை படாத புழுதில, புனல் புனலா சின்னக் குழி இருக்கும் பாருங்க. குழியானைங்கிற பூச்சிப் புழு தோண்டுன குழி அது. ஒரு எறும்பு அந்த ஓரத்துல கால் வச்சா மண்ணு சரியும், ஏறப் பாக்குறப்ப கீழேருந்து தலையாலேயே மண்ணை வீசி அடிச்சு இன்னும் சரிய வைக்கும், அப்புறம் ரெண்டு கொடுக்கு மட்டும் மேல வரும், அவ்ளோதான் எறும்பு கதை. எறும்பைச் சாப்பிடாது, சாறை உறிஞ்சிட்டு கூட்டை வெளில வீசிடும். எடுத்து உள்ளங்கைல விட்டா பின்னாடியேதான் நடக்கும். பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிற சங்கதி இன்னொண்ணு இருக்கு, இந்தப் புழு வெளிக்கே போகாது, குடல் பின்பக்கம் அடைச்சிருக்கும், கழிவை எல்லாம் உள்ளயே சேத்து வச்சிருந்து கூட்டுப்புழுவாகி றெக்கை முளைச்சு வந்த பிறகுதான் மொத்தமா கொட்டும். றெக்கை முளைச்சா தட்டான் மாதிரியே இருக்கும், ஆனா உணர்கொம்பு நீளம், நுனி தடிச்சிருக்கும், ராத்திரி லைட்டுக்கு வரும். அது வர்ற வரைக்கும் காத்திருந்து பாத்தவன் நம்மள்ல எத்தனை பேரு? ஒரு ரூல் போடாத நோட்டு, ஸ்டேஷனரி கடை லென்ஸ் ஒண்ணு, இது ரெண்டும் போதும். தேதி, இடம், மழையா வெயிலா, படம். படம் கோணலா இருந்தா இருக்கட்டும், நீங்க திருத்தாதீங்க.

கல்லைப் பெரட்டறது, பொந்துல கை விடறது மட்டும் வேண்டாம், விரியனும் நட்டுவாக்காலியும் அங்கதான் இருக்கும். பாட்டில்ல அடைச்சு வளக்கறதும் வேண்டாம். ரிசர்வ் காட்டுக்குள்ள பர்மிஷன் இல்லாம போகவே கூடாது.

கேம்ப் கேட்டீங்க. உங்க வீட்டு ஜீப்லயே தினம் கேம்ப் டீச்சர் பத்து பேரு போறாங்களே! வருஷக்கணக்கா காய் எடுக்கப் போற அக்காமாருக்கு எந்த ஓடைல என்ன இருக்கும், அட்டை எப்ப ஏறும், எந்தப் பூச்சி பட்டா தடிக்கும்னு எல்லாம் தெரியும். நாம அவங்களைக் கேட்டதில்ல, அவ்ளோதான். கேள்வியை பையனே எழுதி வச்சுக்கிட்டு சாயங்காலம் வண்டி வந்து நிக்கிறப்ப போய்க் கேக்கட்டும். மொத நாள் கிண்டல் பண்ணுவாங்க, அப்புறம் அவங்களே கூப்புட்டு வச்சு சொல்லுவாங்க.

பைனாகுலர் இப்ப வேண்டாம். போனையும் புடுங்க வேண்டாம், அதுலதான் ரெக்கார்டர் இருக்குல்ல. அந்த மாவேலித் தவளை மண்ணுக்குள்ளேருந்தே கத்தும், கேட்டா கோழி கொக்கரிக்கிற மாதிரி இருக்கும். மே மாசம் மேட்டுல மழை புடிக்கிறப்ப தோட்டத்து ஓடை ஓரமா அப்படி ஒரு சத்தம் கேக்குதான்னு அந்த அக்காமார்கிட்ட சொல்லி வைக்கச் சொல்லுங்க. கேட்டா அப்பாகூட போய் ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பட்டும், நிஜக் கோழியை ரெக்கார்ட் பண்ணி அனுப்பாம இருந்தா சரி.