லூமன் நம்பரை நம்பாதீர்கள். பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: இரவு மலையேற்றத்துக்குத் தலையில் மாட்டுகிற ரீசார்ஜ் ஹெட்லேம்ப் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1,000 லூமன் வெளிச்சம், பேட்டரி உள்ளேயே அடைத்து வருவது. இன்னொன்று 400 லூமன்தான். ஆனால் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். எதை நம்பி வாங்குவது?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை வாங்குங்கள். பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

என் முதல் ஹெட்லேம்ப் அடைத்த பேட்டரி வகை. சாயங்காலம் முழுசாகச் சார்ஜ் ஏற்றிப் பையில் போட்டேன். இருட்டியதும் பையைத் திறந்தால் உள்ளே துணியெல்லாம் வெதுவெதுவென்று இருந்தது, விளக்கு செத்துவிட்டது. தண்ணீர் பாட்டில் பட்டனை அழுத்தி, மூட்டைக்குள்ளேயே எரிந்து தீர்ந்திருக்கிறது. மாற்ற வேறு பேட்டரியும் கிடையாது. பின்னால் வந்த நண்பரின் வெளிச்சத்தில்தான் இறங்கினேன். அடுத்தவர் விளக்கில் நடப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது: கால் வைக்க வேண்டிய இடத்தில் சரியாக நம் நிழலே வந்து விழுகிறது. அவர் பேச்சுவாக்கில் தலையைத் திருப்பினால் அதுவும் போச்சு.

அதனால் நான் முதலில் பார்ப்பது பட்டன் பூட்டு இருக்கிறதா என்று. அடுத்தது பேட்டரி. 18650 என்கிற உருளை ரீசார்ஜ் செல் போடுகிற விளக்கு என்றால், இன்னொரு செல்லைச் சார்ஜ் ஏற்றி, உறையில் போட்டு வைத்துக்கொள்ளலாம். பெட்ஸல் மாதிரி சில ஹெட்லேம்ப் கம்பெனிகள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய 'கோர்' பேட்டரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் 3 ஏஏஏ செல் போடலாம். கோர் 1,250 எம்ஏஎச்தான், பெரிய கொள்ளளவு இல்லை. ஆனாலும் நடுவழியில் கைவிடாது.

சரி, அந்த 1,000 லூமன்? எஃப்எல்1 என்கிற தர அளவுமுறைப்படி, விளக்கைப் போட்டு 30 விநாடி கழித்து வெளிச்சத்தை அளக்கிறார்கள். எரியும் நேரத்தையோ, வெளிச்சம் அதில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கணக்கெடுக்கிறார்கள். ஆக, '1,000 லூமன், 6 மணி நேரம்' என்று போட்டிருந்தால் ஆறாவது மணியில் 100 லூமன்தான் மிஞ்சியிருக்கும். நடுவில் எப்போது சரிந்தது என்று பெட்டி சொல்லாது. அவ்வளவு சின்ன விளக்கில் அத்தனை வெளிச்சம் போட்டால் சூடு தாங்காது. பல விளக்குகள் சில நிமிடங்களிலேயே தானாகக் குறைத்துக்கொள்ளும். வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டறையில் விட்டத்தைப் பார்த்து விளக்கை வைத்துவிட்டு, போன் கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யாதபடி எக்ஸ்போஷரைப் பூட்டி, அரை மணிக்கு ஒரு படம் எடுங்கள். படங்களை வரிசையாக வைத்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

தண்ணீர் தாங்கும் தரத்தில், மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும், எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். ஆற்றில் விழும் வாய்ப்பிருந்தால் ஐபிஎக்ஸ்7 பாருங்கள்: 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஆனால் எந்த நம்பர் இருந்தாலும், சார்ஜ் துளையை மூடுகிற அந்த ரப்பர் நாக்கு கிழிந்துவிட்டால் அதற்கு மதிப்பில்லை. என்னிடம் கிழிந்ததெல்லாம் அங்கேதான்.

கேள்வி: என் ஹெட்லேம்ப் டைப்-சி. ஆனால் லேப்டாப் சார்ஜரில் ஏறவே மாட்டேன் என்கிறது. பழைய போன் சார்ஜரில் மட்டும் ஏறுகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை, கஞ்சத்தனம். இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தால்தான் சார்ஜர் மின்சாரம் விடும். அதைத் தெரிவிக்க விளக்குக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். கடுகளவு சாமான், அதையும் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக இருக்கும் கேபிளுக்கு இந்தச் சோதனை கிடையாது, அதையே பயணத்துக்கும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: சிவப்பு விளக்கு அழகுக்கா?

பதில்: இல்லை. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். பளீர் வெள்ளை ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். மங்கலான சிவப்பு அவ்வளவு கெடுக்காது. வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்குப் போக முடியும் என்று பட்டன் வைத்திருக்கும் விளக்கு மட்டும் வேண்டாம். கூடாரத்தில் தூங்குபவர்கள் திட்டுவார்கள்.

கேள்வி: 9,900 எம்ஏஎச் என்று போட்ட 18650 செல் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உருளைக்குள் அவ்வளவு அடங்காது. நல்ல செல்களே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. ஏற்கெனவே வாங்கியிருந்தால் தராசில் போடுங்கள். ஒழுங்கான செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். உங்களுடையது அதற்கு ரொம்பக் குறைவாகக் காட்டினால் சார்ஜரில் மாட்டவே வேண்டாம்.