குட்டியின் முகக் கோணலுக்குக் கலப்புத்தான் காரணமா?

கேள்வி: சாவகச்சேரியில் ஆடு வளர்க்கிறேன். ஊர் மறியாட்டுக்கும் ஜமுனாபாரி வகைக் கிடாய்க்கும் பிறந்த மறிக்குட்டிக்கு நாலு மாதம். முகம் இடப்பக்கம் சற்றுக் கோணலாக இருக்கிறது. கலப்பு ஒட்டகங்களின் மண்டையோட்டை அளந்து ஆராய்கிறார்கள் என்று மகன் சொன்னான். கலந்தாலே மண்டை கோணுமா? இவளைக் குட்டிக்கு வைத்திருக்கலாமா?

பதில்: கலந்தால் மண்டையின் வடிவம் மாறும். ஒரு பக்கம் கோணுவது வேறு சங்கதி.

முதலில் ஒட்டகம். ஒற்றைத் திமிலும் இரட்டைத் திமிலும் வெவ்வேறு இனங்கள். ஆனாலும் இரண்டுக்கும் குரோமோசோம் 74 என்பதால் அவற்றின் கலப்புக் குட்டிகளும் ஈனும். முதல் தலைமுறைக் குட்டி பெற்றோரைவிடப் பெரிதாக, பலமாக வளரும். துருக்கியில் மல்லுக்கு விடுவது இவற்றைத்தான். ஆஸ்திரியாவின் டுல்ன் நகரில் 2006இல் ஒரு நிலவறையில் முழு ஒட்டக எலும்புக்கூடு கிடைத்தது. 17ஆம் நூற்றாண்டு, உதுமானியப் போர்க்காலத்தது. எலும்புகளில் இரண்டு இனங்களின் சாயலும் கலந்திருந்தன. தாய் ஒற்றைத் திமில், தகப்பன் இரட்டைத் திமில் என்று மரபணுச் சோதனை காட்டியது. தாயின் சாயல் ஒரு பக்கத்துக்கும் தகப்பனின் சாயல் மறுபக்கத்துக்கும் போவதில்லை. இரண்டும் உடல் முழுக்கக் கலக்கின்றன.

உங்கள் ஆடுகளோ ஒரே இனத்தின் இரு வகைகள்தான். குட்டியின் மூக்கு வளைந்திருந்தால், காது பாதி தொங்கினால், அது ஜமுனாபாரிச் சாயல். கோணலுக்குக் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

இடமும் வலமும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கும் மிருகம் கிடையாது, மனிதர்களும் அப்படித்தான். அதனால் அளந்து பாருங்கள். ஒரு நூலை எடுத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குத் துவாரம் வரை இரு பக்கமும் பிடியுங்கள். அப்புறம் உதட்டை விலக்குங்கள். ஆட்டுக்கு மேல் முன்பற்கள் இல்லை. கீழ்ப்பற்கள் மேலேயுள்ள கெட்டியான ஈறில் நேராகப் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் விலகி நின்றால் தாடையே கோணல். பிறந்த நாள் முதல் அப்படியென்றால் அது கருவில் வந்ததாக இருக்கலாம். பிறகு வந்ததென்றால் அடிபட்டதா, தாடையில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கட்டியை உடைக்க வேண்டாம், சீழ் மற்ற ஆடுகளுக்கும் தொற்றக்கூடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஒரு காதும் உதடும் திடீரெனத் தொங்கி, வாயூறி, குட்டி ஒரே பக்கமாகச் சுற்றினால் அது எலும்புக் கோணலே அல்ல, மூளையைத் தாக்கும் தொற்றாக இருக்கலாம். பழுதான தீனியாலும் வரும், மனிதருக்கும் ஆபத்து. அன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

பற்கள் பொருந்தி, குழையை நன்றாகக் கடித்துத் தின்று எடை ஏறினால் தாராளமாக வளர்க்கலாம். தாடை பிறவியிலேயே கோணல் என்றால் குட்டிக்கு வைக்காதீர்கள். இன்னொன்று: தகப்பன் கிடாயையே மகளுக்கும் விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பிறவிக் குறைகள் தலைகாட்ட அதுவே பெரிய வழி. இவள் பருவத்துக்கு வரும்போது உறவில்லாத கிடாய் ஒன்றை அடுத்த ஊரில் பாருங்கள்.